அசையாச் சொத்து

குருமண்வெளியில், வாவிக்கு முதுகைக் காட்டி நிற்கும் வீடு.
வர்த்தமானி அதற்கோர் இலக்கம் கொடுத்திருக்கிறது.
"பேணப்படும் கட்டடம்" என்ற பலகையை அறைய வந்தவர்கள்
ஆணி அடிக்கக்கூடாதென்று அதே பலகையில் வாசித்து
வேலிக் கதியாலில் கட்டிவிட்டுப் போனார்கள்.

நான் அளக்க வந்தவள்.
நாடாவின் மறுமுனையில் டிலக்சன்.

முதிரைத் தூண் பன்னிரண்டு. கல்லின்மேல் நிற்கின்றன,
மண்ணுக்குள் ஒரு விரற்கடையும் இறங்காமல்.
தூணின் தலையில் கழுந்து, வளையின் வயிற்றில் துளை,
இரண்டையும் கோத்து ஒரு பாலை முளை.
இரும்பு எங்கும் இல்லை.
சுவர் வெறும் வரிச்சும் மண்ணும்;
உரித்தெடுத்தாலும் கூரை கவலைப்படாது.

தூக்குக்குண்டைத் தொங்கவிட்டேன்.
வடகிழக்குத் தூண் மூன்றரை அங்குலம் மேற்கே.
"எழுபத்தெட்டு" என்றாள் பூரணமலர்,
குசினிக்குள்ளிருந்து, எட்டிப் பாராமலே.
"அண்டைக்கு ராவு கல்லூட்டுக் கூரையெல்லாம் பறந்த.
இது சத்தம் போட்ட. அவ்வளவுதான்."
'விலகல்' என்ற கட்டத்தில் எண்ணை மட்டும் எழுதினேன்.
படிவத்தில் காற்றுக்குக் கட்டம் இல்லை.

ஆவணியில் மகள் யதுசாவுக்குக் கலியாணம்.
வீடு பெண்ணுக்கு; இங்கே அதைக் கேட்க வேண்டியதில்லை.
மாப்பிள்ளை வங்கியில் வேலை,
அறையோடு ஒட்டிய குளியலறை வேண்டுமாம்.
"சுவரத்தானே உடைக்கிற?" என்று
காலையிலிருந்து மூன்று தரம் கேட்டுவிட்டாள் பூரணமலர்.

ஏணியில் ஏறியபோது
ஒரு வளையின் முனையில் உளியால் கீறிய 'உ' கண்டேன்.
பிள்ளையார் சுழி என்று விட்டுவிட்டேன்.
அடுத்த மூலையில் 'க'.
"காதலிட பேராக்கும் மிஸ்" என்றான் டிலக்சன்.
பிறகு ஒரு 'எ'. பிறகு ஒரு 'அ'.
மத்தியானச் சோற்றுக்குக் கை கழுவும்போதுதான் பிடிபட்டது:
எழுத்தல்ல, எண்.
ஒன்று, இரண்டு, ஏழு, எட்டு.
இரண்டு மரம் சந்திக்கும் இடமெல்லாம் ஒரே எண்,
செருப்புக்கு இடம் வலம் போல.

ஒவ்வொன்றின் அருகிலும் வேறொரு கை, வேறொரு எண்,
வேறொரு மூலையில் தொடங்கி.
அப்படியென்றால் இந்த வீடு இரண்டு தரம் எழும்பியிருக்கிறது.
தெற்குத் தூணின் அடியில்
நகமளவு மட்டிச் சிப்பி ஒன்று ஒட்டிக் கிடந்தது.
படுவான்கரையில் நின்றது, முளை கழற்றி,
இரண்டு தோணிக்கு நடுவே கட்டுண்டு,
நாள் பார்த்து எழுவான்கரைக்கு வந்திருக்கலாம்.
எந்தப் பெண்ணின் பின்னால் என்று தெரியாது.
தெரியாததை அறிக்கையில் எழுத முடியாது.
உறுதியில் இது அசையாச் சொத்து.

பதினாலைத் தேடினோம்.
தூணில் ௰௪ இருக்கிறது,
அதைச் சந்திக்க வேண்டிய வளை இல்லை.
பனஞ்சலாகை ஒன்றைப் பச்சைக் கம்பியால் கட்டியிருக்கிறார்கள்.
"தொண்ணூறில பங்கருக்கெண்டு எடுத்த.
ஆர் எண்டு எழுத வேணாம்."

எழுதவில்லை.
'காணாமற்போன உறுப்புகள்: 1' என்று மட்டும் நிரப்பினேன்.
என் தோளுக்கு மேலால் எழுத்துக்கூட்டி வாசித்தாள்.
"அந்தக் கட்டத்துக்குள்ள
மரத்த மட்டுமா எழுதுற புள்ள?"

டிலக்சன் நாடாவை விட்டான்.
அது தகரச் சத்தத்தோடு உள்ளே ஓடி ஒளிந்தது.

வரைபடத்தில் பதினாலின் வளையை
இருப்பதுபோலவே முழுக்கோடாகக் கீறினேன்.
மேலதிகாரி அழித்துப் புள்ளிக்கோடாக்குவார், ஆக்கட்டும்.

குளியலறையை நான்தான் புள்ளிக்கோட்டில் போட்டேன்,
சுவரிலிருந்து நாலடி தள்ளி, எதையும் தொடாமல்.
அனுமதி வரலாம், வராமலும் போகலாம்.
யதுசா குனிந்து பார்த்தாள்.
"அப்ப மாரியில நனைஞ்சிதான் போகணுமா?"
"ஓம்" என்றேன்.
அந்த நாலடியை விரலால் ஒருதரம் நடந்து பார்த்தாள்.